தர்மபுரியில் ஏர்போர்ட் இல்லை. அப்போ எந்த ஏர்லைன் பாயின்ட்ஸ் சேர்க்கிறது?

போன மாதம் கிரெடிட் கார்டு பற்றி வீடியோ போட்டதிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது: "சார், எந்த ஏர்லைன்ல பாயின்ட்ஸ் சேர்த்தா நல்லது?" கேட்டவர்களில் பாதிப் பேர் நம்ம பக்கம்தான். தர்மபுரி, பாலக்கோடு, அரூர், பென்னாகரம். வேலை ஓசூரிலோ பெங்களூரிலோ, வீடு இங்கே.

நான் எல்லாருக்கும் பதிலுக்கு ஒரு கேள்விதான் கேட்டேன்: "நீங்க எந்த ஏர்போர்ட்ல ஏறுவீங்க? வருஷத்துக்கு எத்தனை தடவை?" இதற்கு முக்கால்வாசிப் பேரிடம் உடனே பதில் இல்லை. ஆனால் எந்த கார்டில் எத்தனை பாயின்ட், எந்த பேங்கில் வெல்கம் போனஸ் அதிகம் என்பதெல்லாம் மனப்பாடமாக இருக்கு.

இது புது வியாதி இல்லைங்க. எனக்கே வந்து போனதுதான். முதலில் அதைச் சொல்லிடறேன்.

சி.ஏ. முடித்த பிறகு சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை. ஆடிட்டுக்காக மாதம் இரண்டு தடவை மும்பை. கூட வேலை பார்த்த அண்ணன் ஒருத்தர், "இந்த ஏர்லைன்லயே போ, பாயின்ட் சேரும்" என்றார். சேர்த்தேன். மூணு வருஷத்தில் நல்ல தொகை சேர்ந்தது. அப்பா, அம்மா இரண்டு பேரும் ஃப்ளைட் ஏறினதே இல்லை. இந்தப் பாயின்ட்ஸ்லயே அவங்களைக் காசிக்குக் கூட்டிட்டுப் போகணும் என்று திட்டம்.

அதுக்குள் வேலையை விட்டுவிட்டு தர்மபுரிக்கே வந்து ப்ராக்டீஸ் ஆரம்பித்தேன். இங்கிருந்து சென்னை ஏர்போர்ட் முந்நூறு கிலோமீட்டர். அந்த ஏர்லைனின் ஃப்ளைட்கள் எனக்கு வசதியாகக் கிடைத்ததெல்லாம் சென்னையிலிருந்துதான். நான் கேட்ட தேதியில் பாயின்ட்ஸ் சீட் இருக்காது. சீட் இருக்கிற தேதியில் ஜி.எஸ்.டி. ஃபைலிங் கடைசி நாள் இருக்கும். "அடுத்த சீசன் பார்த்துக்கலாம்பா" என்று இரண்டு முறை தள்ளிப் போட்டேன். கையில் காசு இல்லாமல் இல்லை. பாயின்ட்ஸ் இருக்கும்போது காசு எதுக்குக் கொடுக்கணும் என்ற எண்ணம்தான். பிறகு ஒரு நாள் அக்கவுண்ட்டைத் திறந்தால் முக்கால்வாசி காலாவதி ஆகியிருந்தது. அதற்கு அடுத்த வருஷம் அப்பா தவறிட்டார்.

இதில் அந்த ஏர்லைன் மேல் எனக்குக் கோபம் இல்லை. காலாவதி விதியை அவங்க எழுதித்தான் வைத்திருந்தாங்க. சென்னையில் இருக்கிறவனுக்குப் பொருந்துகிற புரோகிராமை தர்மபுரியில் உட்கார்ந்துகொண்டு கட்டி இழுத்தது நான்.

ஊரை வைத்துத்தான் இந்தக் கணக்கே தொடங்குது

யூடியூபில் வருகிற 'மைல்ஸ்' ஆலோசனையில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருவது. அங்கே 1978-இல் விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். போட்டி கூடியது. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'அட்வான்டேஜ்' என்ற புரோகிராமைக் கொண்டுவந்தது; மற்றவர்களும் வரிசையாக ஆரம்பித்தார்கள். அங்கே ஒவ்வொரு பெரிய ஊரும் ஒரு ஏர்லைனின் கோட்டை. அட்லாண்டாவில் இருந்தால் டெல்டா, டல்லாஸில் இருந்தால் அமெரிக்கன். வீட்டுக்குப் பக்கத்தில் ஏர்போர்ட், அங்கே ஒரே ஏர்லைனின் நூற்றுக்கணக்கான ஃப்ளைட்கள். அதனால் "உங்க ஊர் ஏர்லைனைப் பிடிச்சுக்கோங்க" என்பது அவர்களுக்குச் சரியான ஆலோசனை.

நமக்கு? நம்ம மாவட்டத்தில் ரன்வேயே இல்லை. நாலு திசையில் நாலு ஏர்போர்ட்.

முதலில் சேலம். சேலம் ஏர்போர்ட் என்று பெயர்தானே தவிர, சேலத்துக்கு முன்னாடியே, ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கு. தர்மபுரியிலிருந்து ஒரு மணி நேரம் போதும், தொப்பூர் கணவாயில் லாரி எதுவும் கவிழாமல் இருந்தால். இங்கே ஃப்ளைட் வருவதும் நிற்பதும் பழைய கதை. 2018-இல் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் சென்னைக்குப் பறந்தது, பிறகு நின்றுபோனது. 2023 அக்டோபரில் மறுபடி ஆரம்பித்தார்கள்: அலையன்ஸ் ஏர் பெங்களூருக்கும் கொச்சிக்கும், இண்டிகோ சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும். எல்லாம் சின்ன ஏ.டி.ஆர். விமானங்கள். நேரமும் நாட்களும் மாறிக்கொண்டே இருக்கும். பார்த்துவிட்டுத்தான் புக் பண்ணணும்.

இங்கே நிறைய பேர் ஏமாறுகிற ஒரு இடம் இருக்கு. அலையன்ஸ் ஏர் பழைய நினைப்பில் 'ஏர் இந்தியாவோடது' என்று நினைக்கிறோம். 2022 ஜனவரி 27-இல் ஏர் இந்தியா டாடாவிடம் போனபோது, அலையன்ஸ் ஏர் அரசாங்கத்திடமே தங்கிவிட்டது. இரண்டும் இப்போது வேறு வேறு கம்பெனி. சேலத்தில் அலையன்ஸ் ஏர் ஏறிவிட்டு ஏர் இந்தியா பாயின்ட் வரும் என்று எதிர்பார்க்காதீங்க.

அடுத்தது பெங்களூர். உண்மையில் நம்ம ஏர்போர்ட் இதுதான். டெல்லி, கொல்கத்தா, மும்பை, சிங்கப்பூர், துபாய், லண்டன், எங்கே போவதாக இருந்தாலும் கடைசியில் தேவனஹள்ளிதான். தர்மபுரியிலிருந்து பெங்களூர் 130 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் அது ஊருக்குள் நுழைகிற கணக்கு. ஏர்போர்ட் ஊரின் மறு கோடியில், இன்னும் முப்பத்தஞ்சு நாற்பது கிலோமீட்டர். அத்திப்பள்ளி வரை பறந்து வந்துவிட்டு, சில்க் போர்டிலும் ஹெப்பாளிலும் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கோயம்புத்தூரும் சென்னையும் நமக்கு இரண்டாம் பட்சம். ஆனால் கோவையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சிங்கப்பூருக்கு ஸ்கூட் பறக்கிறது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

"ஓசூர்ல ஏர்போர்ட் வரப்போகுதே சார்?" 2024 ஜூனில் சட்டசபையில் முதலமைச்சர் அறிவித்தார், 2,000 ஏக்கரில் என்று. வந்தால் சந்தோஷம். ஆனால் பெங்களூர் ஏர்போர்ட்டோடு போட்ட ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டருக்குள் புது ஏர்போர்ட் கூடாது என்கிற நிபந்தனை 2033 வரை இருக்கிறது. இன்றைக்கு எடுக்கிற கார்டுக்கு அதைக் காரணமாகச் சொல்லாதீங்க.

ஒரு பாயின்ட் எத்தனை பைசா?

ஏர்லைன் எத்தனை பாயின்ட் தருது என்பது முக்கியமே இல்லை. ஒரு பாயின்ட் எத்தனை பைசா என்பதுதான் கேள்வி. இதை நீங்களே போடலாம்.

நீங்க போகப்போகிற அதே ஃப்ளைட்டை ஒரு தடவை காசுக்கும், ஒரு தடவை பாயின்ட்ஸுக்கும் தேடிப் பாருங்க. உதாரணத்துக்கு, காசுக்கு ₹6,200. பாயின்ட்ஸில் 9,000 பாயின்ட், கூடவே வரி, ஏர்போர்ட் கட்டணம் ₹1,100 கையிலிருந்து. ('ஃப்ரீ டிக்கெட்' என்றாலும் இந்தக் கட்டணங்கள் நம்ம தலையில்தான்.) அப்போ 9,000 பாயின்ட் உங்களுக்கு மிச்சப்படுத்தினது ₹5,100. ஒரு பாயின்ட் 56 பைசா சொச்சம். இன்னொரு தேதியில் போட்டால் 35 பைசா வரும், தீபாவளி நேரத்தில் 80 பைசாவும் வரலாம், சீட் கிடைத்தால். நாலைந்து தேதிக்குப் போட்டுப் பார்த்தால் உங்க புரோகிராமின் உண்மையான மதிப்பு தெரிந்துவிடும்.

இப்போது சம்பாதிக்கிற பக்கம். ஏர் இந்தியா 2024 ஏப்ரலிலிருந்து தூரத்தை விட்டுவிட்டு, நீங்க செலவழிக்கிற ரூபாய்க்கு இவ்வளவு பாயின்ட் என்று மாற்றிவிட்டது. இண்டிகோவும் ரூபாய்க் கணக்குதான். அதுவும் டிக்கெட்டின் மொத்தத் தொகைக்கு இல்லை; ஜி.எஸ்.டி., ஏர்போர்ட் கட்டணம் எல்லாம் கழித்த பிறகு மிஞ்சுகிற கட்டணத்துக்கு.

ஓசூரில் வேலை பார்க்கிற, வருஷத்தில் மூணு தடவை போய் வருகிற ஒருத்தரை எடுத்துக்கலாம். ஆறு டிக்கெட், சராசரி ₹5,000. மொத்தம் ₹30,000. பாயின்ட்ஸின் மதிப்பு 5 சதவீதம் என்று தாராளமாகவே வைத்துக்கலாம். வருஷத்துக்கு ₹1,500.

அதாவது ஒரு ₹5,000 டிக்கெட்டுக்குக் கிடைக்கிற பாயின்ட் ₹250 பெறும். அப்போ 'என் ஏர்லைன்' என்பதற்காக நீங்க அதிகபட்சம் கூடுதலாகக் கொடுக்கக்கூடியது ₹250. பக்கத்து ஏர்லைனில் ₹400 குறைவு என்றால் அதில் ஏறுங்க. இந்த ஒரு வரியை மட்டும் கடைப்பிடித்தாலே உங்க புரோகிராம் பிரச்சினையில் பாதி முடிஞ்சுது.

மீதிப் பாதி நேரம். இதைச் சென்னைக்காரரோ பெங்களூர்க்காரரோ சொல்ல மாட்டார். ராத்திரி பதினொன்றரைக்குத் தேவனஹள்ளியில் இறங்குகிற ஃப்ளைட்டில் ₹600 மிச்சம் என்று புக் பண்ணுவீங்க. அந்த நேரத்துக்கு அங்கிருந்து பஸ் மாறி மாறி தர்மபுரி வருவதற்குள் விடிஞ்சிடும். டாக்ஸி என்றால், கிருஷ்ணகிரி டோல், அத்திப்பள்ளி டோல் எல்லாம் சேர்த்து எனக்கு ஒரு தடவையும் நாலாயிரத்துக்குக் குறைந்து வந்ததில்லை. மத்தியானம் இறங்குகிற ஃப்ளைட்டில் வந்தால் வாயு வஜ்ரா பஸ்ஸில் எலக்ட்ரானிக் சிட்டி வந்து, அங்கே ரோட்டோரத்தில் சேலம் பஸ் பிடித்துவிடலாம். ஆகவே நமக்கு ஏர்லைனை விட இறங்குகிற நேரம்தான் பெரிய காசு. ஒரு தப்பான நேரத்து ஃப்ளைட் இரண்டரை வருஷத்துப் பாயின்ட்ஸைத் தின்றுவிடும்.

சரி, எதில்தான் சேர்வது?

சேர்வது இலவசம். இண்டிகோ புளூசிப், ஏர் இந்தியா மகாராஜா கிளப் இரண்டிலும் இன்றைக்கே கணக்குத் தொடங்கிடுங்க. விசுவாசம் வேண்டாம், கணக்கு மட்டும் இருக்கட்டும். எதில் மலிவாகக் கிடைக்குதோ அதில் ஏறுங்க, நம்பரைப் போடுங்க. வருஷத்துக்கு ஆறு டிக்கெட்டுக்குள் பறக்கிற எல்லாருக்கும் என் பதில் இவ்வளவுதான்.

இரண்டில் ஒன்றைத்தான் சொல்லணும் என்று பிடிவாதம் பிடித்தால், தர்மபுரியில் வீடு இருக்கிற, உள்நாட்டில் மட்டும் பறக்கிற ஆளுக்கு நான் சொல்வது இண்டிகோ. காரணம் அவங்க பாயின்ட் உசத்தி என்பதல்ல. இந்தியாவில் உள்நாட்டில் பறக்கிற பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் ஏறுவது அவங்க விமானத்தில்தான், பெங்களூரிலும் அவங்க ஃப்ளைட் நிறைய, சேலத்துக்கும் வராங்க. பாயின்ட் சேர்ப்பதற்கென்று நீங்க வழி மாற வேண்டியதில்லை. நீண்ட காலம் இண்டிகோவில் இந்த மாதிரி புரோகிராமே கிடையாது, கார்டு மூலம் கிடைக்கிற ரிவார்ட்ஸ் மட்டும்தான். 2024-இல் அவர்களுடைய 18-ஆம் ஆண்டு நிறைவையொட்டித்தான் புளூசிப்பை அறிவித்தார்கள். புது புரோகிராம் என்பதால் விதிகள் இன்னும் மாறலாம்.

வெளிநாடு போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. ஏர் இந்தியா 2014 ஜூலையிலிருந்து ஸ்டார் அலையன்ஸில் உறுப்பினர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்ஸா எல்லாம் அதே கூட்டணி. நீங்க லுஃப்தான்ஸாவில் பெங்களூரிலிருந்து ஃப்ராங்க்ஃபர்ட் போனாலும் பாயின்ட்டை மகாராஜா கிளப்பில் போட்டுக்கலாம். கம்பெனி உங்களை ஜெர்மனிக்கு ஒரு தடவை, அமெரிக்காவுக்கு ஒரு தடவை அனுப்புது என்றால், ஒவ்வொரு ஏர்லைனிலும் தனித்தனிக் கணக்குத் தொடங்கி ஆளுக்குக் கொஞ்சமாகச் சிதற விடாமல், எல்லாவற்றையும் ஒரே குடத்தில் ஊற்றுங்க. ஒரு ஃப்ளைட்டுக்கு ஒரு புரோகிராமில்தான் பாயின்ட் கிடைக்கும். மலிவான டிக்கெட் வகைகளுக்குக் கூட்டணி ஏர்லைனில் பாயின்ட் ரொம்பக் குறைவாகவோ, இல்லாமலோ இருக்கும். புக் பண்ணும் முன் பார்த்துக்கோங்க.

அண்ணனோ அக்காவோ சிங்கப்பூரில் இருந்து, வருஷா வருஷம் போய் வருகிறவர்கள் கிரிஸ்ஃபிளையரை யோசிக்கலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பெங்களூரிலிருந்து இருக்கு, ஸ்கூட் கோவை, திருச்சியிலிருந்து இருக்கு. இரண்டிலும் அந்த மைல்ஸ் சேர்க்க வழி உண்டு. ஒரே எச்சரிக்கை: அந்த மைல்ஸுக்கு ஆயுள் மூணு வருஷம். நடுவில் நீங்க பறந்தாலும் பழைய மைல்ஸின் ஆயுள் நீளாது. சில புரோகிராம்களில் ஒரு தடவை பறந்தாலே மொத்த இருப்பும் நீடிக்கும். சேரும்போது இந்த ஒரு விதியைக் கட்டாயம் படிங்க. நான் படிக்காமல் விட்டது இதைத்தான்.

கம்பெனி செலவில் மாதம் இரண்டு மூணு தடவை பறக்கிறவர்களுக்கு மட்டும் 'ஸ்டேட்டஸ்' என்பதில் அர்த்தம் உண்டு. கூடுதல் லக்கேஜ், வரிசையில் முன்னுரிமை, லவுஞ்ச். அவர்கள் தாங்கள் அடிக்கடி போகிற ஊருக்கு எந்த ஏர்லைனில் நேரடி ஃப்ளைட் அதிகமோ, அதிலேயே ஒரு வருஷம் முழுக்க நிற்கலாம். ஆனால் உங்க பாயின்ட்டுக்காகக் கம்பெனியை ₹3,000 அதிகம் கட்ட வைக்காதீங்க. ஆடிட்டில் நாங்கள் பயணச் செலவு பார்க்கும்போது, ஒரே ஆள் எப்பவும் விலை அதிகமான ஏர்லைனிலேயே போயிருந்தால் அது பளிச்சென்று கண்ணில் படும். சொல்லிட்டேன்.

கார்டு

பாயின்ட்ஸ் ஆசை கடைசியில் வந்து நிற்கிற இடம் கிரெடிட் கார்டுதான். போன வருஷம் என்னிடம் ரிட்டர்ன் ஃபைல் பண்ண வந்த ஒரு தம்பி, 29 வயசு, ஏர்லைன் பெயர் போட்ட கார்டு வைத்திருந்தார். வெல்கம் போனஸுக்காகக் குறிப்பிட்ட தொகை செலவழிக்கணும் என்று ஃபோன், ஏ.சி. எல்லாம் வாங்கியாச்சு. பில் ₹80,000. மினிமம் டியூ மட்டும் கட்டிட்டு வந்திருக்கார்.

மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் ₹80,000-க்கு ₹2,800. அந்த வட்டி மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ₹504. ஆக மாதம் ₹3,304. பாக்கி இருக்கிற வரை புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது, முதல் நாளிலிருந்தே வட்டி. ஐந்து மாதம் இப்படி ஓட்டியிருந்தார். அவர் போனஸில் எடுக்கப்போகிற டெல்லி டிக்கெட்டை இரண்டு தடவை காசு கொடுத்தே வாங்கியிருக்கலாம்.

பில்லை முழுசாகக் கட்டுகிற பழக்கம் இருந்தால் மட்டும் ஏர்லைன் கார்டு பக்கம் போங்க. அப்போதும் வருடக் கட்டணத்தையும் அதன் மேல் வருகிற 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் பாயின்ட்ஸ் மதிப்பிலிருந்து கழித்துவிட்டுப் பாருங்க. நான் கழித்துப் பார்த்தேன். என் பறத்தலுக்குச் சாதாரண கேஷ்பேக் கார்டே ஜெயித்தது.

பாயின்ட்ஸை சேமிப்பு மாதிரி குவித்து வைப்பவர்களுக்கு ஒன்று. பேங்க் டெபாசிட்டுக்கு ₹5 லட்சம் வரை இன்சூரன்ஸ் உண்டு. பாயின்ட்ஸுக்கு எதுவும் இல்லை. கிங்ஃபிஷர் 2012-இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-இல் நின்றது. இதற்கு மாறாக, 2024 நவம்பர் 12-இல் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தபோது கிளப் விஸ்தாரா பாயின்ட்ஸ் அப்படியே மாறி வந்தது. இணைப்பு என்பதால் தப்பித்தது; மூடல் என்றால் வரிசையில் கடைசி ஆள் நீங்கதான்.

இன்னும் இரண்டு விஷயம், எல்லாம் நம்ம ஊருக்கே உரிய தலைவலி.

ஒன்று எல்.டி.ஏ. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். புது முறையில் இந்த விலக்கே கிடையாது. உள்நாட்டுப் பயணத்துக்கு நீங்க உண்மையிலேயே செலவழித்த தொகை வரைதான் விலக்கு. பாயின்ட்ஸில் டிக்கெட் எடுத்துவிட்டு, அதன் சந்தை விலையை கிளெய்ம் பண்ண முடியாது. கையிலிருந்து கட்டின ₹1,100-தான் செலவு. எல்.டி.ஏ. எடுக்கப்போகிற வருஷம் காசு கொடுத்து டிக்கெட் எடுங்க, பாயின்ட்ஸை வேறு பயணத்துக்கு வைங்க.

இரண்டு, இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் ஆகியிருக்கும், ஆதாரில் 'எம்' என்று ஒற்றை எழுத்து இருக்கும், புரோகிராமில் அவசரத்தில் பெயரை மட்டும் போட்டு சர்நேம் இடத்தில் புள்ளி வைத்திருப்போம். டிக்கெட்டில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் பாயின்ட் ஏறாது. கணக்குத் தொடங்கும்போதே பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி முழுசாகப் போடுங்க. விட்டுப்போன பாயின்ட்டைப் பிறகு கேட்டு வாங்கலாம், அதற்கும் கெடு உண்டு. போர்டிங் பாஸைப் பயணம் முடிந்ததும் கசக்கிப் போடாதீங்க.

அம்மா கடைசியில் ஃப்ளைட் ஏறினாங்க. காசிக்கு இல்லை. தாம்பரத்தில் சித்தி பெண் கல்யாணத்துக்கு, காமலாபுரத்திலிருந்து சென்னைக்கு. காசு கொடுத்து எடுத்த டிக்கெட். மேட்டூர் அணை தெரியுதா என்று போகிற வழியெல்லாம் ஜன்னலிலேயே இருந்தாங்க. எனக்குத் தெரியலை, அவங்க தெரிஞ்சுதுன்னு சொன்னாங்க. அவங்க பெயரிலும் ஒரு கணக்குத் தொடங்கி நம்பர் போட்டிருந்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பாயின்ட் ஏறவில்லை. பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் டிக்கெட்டில் இருந்தது, கணக்கில் விட்டிருந்தேன்.